மெட்ஃபோர்டின் பெயரை நீக்கிய கார்டைட்

நம்மூர்க் காவலர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த 'த்ரீ நாட் த்ரீ' துப்பாக்கியின் மூதாதை லீ-மெட்ஃபோர்ட். 1888இல் பிரிட்டிஷ் ராணுவத்துக்கு வந்த அது, 1895இல் ஏன் லீ-என்ஃபீல்டு ஆனது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட்டும், தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் ஜேம்ஸ் பாரிஸ் லீயின் வடிவமைப்பு. குழலின் உட்புறம் வில்லியம் மெட்ஃபோர்டுடையது. குழலுக்குள் திருகிச் செல்லும் பள்ளங்கள்தான் குண்டைச் சுழல வைக்கின்றன. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வெளியேறும் குண்டு நொடிக்குச் சுமார் 2,360 முறை சுழலும். அந்தச் சுழற்சி இல்லாவிட்டால் அது காற்றில் குட்டிக்கரணம் போடும்.

அன்றைய தோட்டாவில் இருந்தது கரிமருந்து. எரிந்தபின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். சதுர டப்பாவின் மூலையில் ஒட்டிய மாவைப் போல, கூர்விளிம்புப் பள்ளத்தில் அந்தக் கசடு இறுகிவிடும். அதனால் மெட்ஃபோர்ட் மூலையே இல்லாத, ஆழமற்ற, விளிம்பு மழுங்கிய ஏழு பள்ளங்களை வைத்தார். கசடு தங்க இடமில்லை. சுத்தம் செய்வதும் எளிது. எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் தீர்வுகளில் இது ஒன்று.

பிறகு கார்டைட் வந்தது. 1889இல் ஃப்ரெடரிக் ஏபெலும், வெற்றிடக் குடுவையால் புகழ்பெற்ற ஜேம்ஸ் டூவரும் உருவாக்கிய வெடிமருந்து. நைட்ரோகிளிசரின் 58 சதவீதம், வெடிபஞ்சு (நைட்ரிக் அமிலம் ஊட்டிய பஞ்சு) 37, பெட்ரோலியம் ஜெல்லி 5. புகையும் கசடும் மிகக் குறைவு. ஆனால் சூடு கடுமை. எஃகு உருகும் 1,500 டிகிரியை எளிதாகத் தாண்டிய வாயு, ஓரிரு மில்லிநொடிக்குக் குழலின் உட்பரப்பை நக்கிச் செல்கிறது. மேல்தோல் மட்டும் இளகுகிறது. பாயும் வாயு அதை அரித்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு முறை சுடும்போதும் இழப்பு நுண்ணியதுதான். ஆனால் மெட்ஃபோர்டின் பள்ளங்களுக்கு இடையிலான மேடுகள் முதலிலேயே தாழ்வு, முதலிலேயே மழுங்கல். கொஞ்சம் தேய்ந்தாலே குண்டைப் பிடிக்க எதுவும் மிஞ்சாது.

என்ஃபீல்டு ஊரில் இருந்த அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலை, சற்று ஆழமான, விளிம்பு கூரான ஐந்து பள்ளங்களுக்கு மாறியது. தேய்ந்தாலும் பிடி நிற்கும். கசடு மிகக் குறைந்ததால் மூலைகளும் இனிப் பிரச்சினையில்லை. லீயின் போல்ட் அப்படியே தொடர்ந்தது. மெட்ஃபோர்டின் பெயர் போய் ஊர்ப்பெயர் ஏறியது.

துப்பாக்கி வரலாறு எழுதுபவர்கள் போர்களையும் தளபதிகளையும் பேசிவிட்டு வேதியியலை அடிக்குறிப்பில் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. இங்கே பெயரையே மாற்றியது வேதியியல்தான். அரிப்பைக் குறைக்கவும் வேதியியலாளர்களே வந்தார்கள்: அடுத்து வந்த கார்டைட் வகையில் நைட்ரோகிளிசரினை 30 சதவீதமாகக் குறைத்து, வெடிபஞ்சை 65 ஆக்கினார்கள். நீலகிரி மலை ரயிலில் போகிறவர்கள் கடக்கும் அருவங்காடு, கார்டைட் தொழிற்சாலைக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊர்.