பக்கத்து வீட்டில் அம்மை: இப்போது ஊசி போட்டால் பலிக்குமா?

பிள்ளை நன்றாக இருக்கும்போது தடுப்பூசி போட யாரும் பெரிதாகத் தயங்குவதில்லை. அட்டையில் தேதி எழுதியிருக்கும். புதன்கிழமை துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனால் நர்ஸம்மா ஊசி போடுவார். இரவு கொஞ்சம் அனத்தும், அவ்வளவுதான்.

கலக்கம் வருவது வேறு நேரத்தில். பக்கத்து வீட்டு நிலைப்படியில் வேப்பிலை செருகியிருக்கிறது. "மைனி, பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கு, சின்னவள இந்தப் பக்கம் விடாதிய" என்று சொல்லி அனுப்புகிறார்கள். சின்னவளோ நேற்று சாயங்காலம் வரை அந்தப் பிள்ளையோடு ஒரே பாயில் உட்கார்ந்து விளையாடியவள். அவளுடைய இரண்டாவது தவணை எம்ஆர் (தட்டம்மை, ருபெல்லா இரண்டுக்குமான) ஊசி சளி, இருமல் என்று தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. இப்போது போடலாமா? கிருமி ஏற்கனவே உள்ளே போயிருந்தால், ஊசி மருந்தும் அதோடு சேர்ந்து நோயைப் பெரிதாக்கிவிடாதா? "அம்மா இறங்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் ஆச்சி.

நியாயமான பயம்தான். அதற்கு நேரான பதிலும் இருக்கிறது: பெரிதாக்காது. தட்டம்மைக் கிருமி உள்ளே இருக்கும் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டதால் நோய் கடுமையாவதில்லை. ஊசியில் இருப்பது ஆய்வுக்கூடத்தில் திரும்பத் திரும்ப வளர்த்துப் பலவீனமாக்கிய வைரஸ். 1954-ல் ஜான் எண்டர்ஸ், தாமஸ் பீபிள்ஸ் என்ற இரண்டு அமெரிக்க மருத்துவ ஆய்வாளர்கள் டேவிட் எட்மன்ஸ்டன் என்ற பள்ளி மாணவனிடமிருந்து தட்டம்மை வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். இந்தியாவில் இன்று நம் பிள்ளைகளுக்குப் போடும் எம்ஆர் ஊசியில் பெரும்பாலும் இருப்பது அதன் வழிவந்த வைரஸ்தான். உள்ளே புகுந்த காட்டு வைரஸ், அதாவது நோயாளியிடமிருந்து தொற்றிய பலவீனமாகாத வைரஸ், தானாகவே பெருகும். அதற்கு இதன் துணை தேவையில்லை. ஊசி செய்வதெல்லாம் உடம்பை முன்கூட்டியே எழுப்பிவிடுவதுதான்.

கிருமி உள்ளே போன பிறகு ஊசி போடுவது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. தெருநாய் கடித்தால் காயத்தைச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். 1885 ஜூலை 6 அன்று பாரிசில் லூயி பாஸ்டரின் வெறிநாய்க்கடி மருந்து 9 வயது ஜோசப் மைஸ்டருக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டபோது, நாய் கடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. சிறுவன் பிழைத்தான். ரேபிஸ் வைரஸ் நரம்பு வழியாக மூளைக்கு ஏறப் பெரும்பாலும் வாரங்கள், மாதங்கள் பிடிக்கும். ஊசி போட்டால் அதற்குள் உடம்பு, கிருமியைப் பிடித்து முடக்கும் எதிர்ப்பொருளைத் தயார் செய்துவிடுகிறது.

தட்டம்மையில் அவ்வளவு அவகாசம் கிடையாது. ஆனாலும் கொஞ்சம் உண்டு.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு எண்ட் டு எண்ட் பேருந்தும் உண்டு. வள்ளியூர், நாங்குநேரி என்று நின்று நின்று வருவதும் உண்டு. மூச்சுக்காற்றில் வரும் வைரஸ் நின்று நின்று வருவது. முதலில் மூச்சுப்பாதையில் இருக்கும் செல்களில் இறங்குகிறது. அங்கிருந்து பக்கத்து நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்ப் பெருக இரண்டு மூன்று நாள். பிறகு ரத்தத்தில் கலந்து மண்ணீரல் போன்ற இடங்களுக்குப் பரவுகிறது. ஐந்து முதல் ஏழாவது நாள் வாக்கில் இரண்டாவது அலையாக, முன்னைவிடப் பெரிய எண்ணிக்கையில் ரத்தத்தில் இறங்கி, தோல், கண், நுரையீரல் என்று போய்ச் சேர்கிறது. காய்ச்சல் தொடங்க ஏறத்தாழ 10 நாள், தடிப்பு வர ஏறத்தாழ 14 நாள். அதுவரை பிள்ளை ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும்.

தடுப்பூசி வைரஸ் தோலுக்கு அடியில் நேராக இறக்கப்படுகிறது. அங்கே காவல் இருக்கும் செல்கள் அதைப் பிடித்து உடனே நிணநீர் முடிச்சுக்குக் கொண்டுபோகின்றன. முதல்கட்டத் தற்காப்பு ஓரிரு நாளில் கிளம்பிவிடும். வைரஸ் புகுந்த செல்களைத் தேடி அழிக்கும் டி செல்கள் அடுத்து வரும். எதிர்ப்பொருள் போதுமான அளவு சேர இரண்டு வாரம் போல ஆகும். இந்த வேலை சீக்கிரமே தொடங்கியிருந்தால், காட்டு வைரஸ் இரண்டாவது அலையாகப் புறப்படும் நேரத்தில் உடம்பு வெறுங்கையோடு நிற்காது. தொடர்பு ஏற்பட்ட 72 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னணி இதுதான். எல்லாப் பிள்ளைகளையும் அது காப்பாற்றிவிடும் என்று சொல்ல முடியாது. பலருக்கு நோய் வராமல் போகும், வந்தாலும் கடுமை குறைய வாய்ப்புண்டு.

சரி, 72 மணி நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுவது? பெற்றோர் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். வேப்பிலை செருகிய நாளிலிருந்து எண்ணக்கூடாது. தட்டம்மை, தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே பரவும்; தெரிந்த பிறகும் நான்கு நாள் பரவும். செவ்வாய்க்கிழமை தடிப்பு வந்தது என்றால் அந்தப் பிள்ளை முந்தைய வெள்ளிக்கிழமையிலிருந்தே கிருமியைப் பரப்பிக்கொண்டிருந்திருக்கிறது. வெள்ளி மாலை இருவரும் சேர்ந்து விளையாடியிருந்தால், திங்கள் மாலையோடு கெடு முடிந்துவிட்டது. ஞாயிறு அன்று கோயில் கொடையில் மட்டும்தான் பார்த்துக்கொண்டார்கள் என்றால் புதன்வரை நேரம் இருக்கிறது.

நம் ஊர் வளவு வீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரே சுவர், ஒரே நடை, பொதுவான முற்றம். நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை அந்த அறைக் காற்றில் வைரஸ் இருக்க முடியும். எதிர்ப்புச் சக்தி இல்லாத பத்துப் பேர் நெருங்கிப் பழகினால் ஒன்பது பேருக்குத் தொற்றும். வளவில் வசிக்கும் பிள்ளைகளுக்குத் தட்டம்மைச் செய்தி காதில் விழும்போது கெடு பெரும்பாலும் தாண்டியிருக்கும். அதனால்தான் அட்டையில் உள்ள தேதியிலேயே, 9 முதல் 12 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்தில் ஒன்று என்று போட்டு முடித்துவிடுங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். கெடு தாண்டிவிட்டாலும் ஊசியைக் கைவிட வேண்டாம். இந்த முறை தொற்றாமல் தப்பியிருக்கலாம். தெருவில் அடுத்த பிள்ளைக்கு வரும்போது பயன்படும்.

சின்னம்மையில் கணக்கு பெற்றோர் பக்கம் சாய்கிறது. நீர் கோர்த்த, அரிக்கும் கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்புதான் அது பரவத் தொடங்குகிறது. நோய் வெளிப்பட இரண்டு வாரத்துக்கு மேல் ஆகலாம். மூன்று நாளுக்குள், போனால் ஐந்து நாளுக்குள் ஊசி போட்டால் பலன் உண்டு. ஆகவே செய்தி தெரிந்த அன்றே கிளம்பினால் பெரும்பாலும் நேரம் இருக்கும். இது அரசின் இலவச அட்டவணையில் இல்லை. குழந்தை மருத்துவரிடம் காசு கொடுத்துத்தான் போட வேண்டும். பொன்னுக்குவீங்கி இதற்கு நேர்மாறு. அது வெளிப்பட இன்னும் அதிக நாள் எடுத்தாலும், தொற்றிய பிறகு போடும் ஊசி அதைத் தடுப்பதாக நிரூபணம் ஆகவில்லை. அவகாசம் நீளமாக இருந்தாலே ஊசி முந்திவிடும் என்று இல்லை. எனவே வந்திருப்பது எந்த நோய் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று நான்கு நாள் காய்ச்சல், இருமல், சிவந்த கண், பிறகு காதோரம் தொடங்கிக் கீழே இறங்கும் சிவப்புத் தடிப்பு என்றால் தட்டம்மை. நம் பக்கம் மணல்வாரி என்பதும் அதுதான்.

இன்னொரு சிக்கல் உண்டு. தொற்றிய பிள்ளைக்குத் தாமதமாக ஊசி போடுகிறோம். பத்து நாள் கழித்து அம்மை வருகிறது. "ஊசி போட்டதால்தான் வந்தது" என்று தெரு முழுக்கப் பேச்சாகிவிடும். அந்தத் தாய் அடுத்த பிள்ளைக்கு ஊசி போட எவ்வளவு தயங்குவாள்! 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் எம்ஆர் முகாம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளால் பள்ளிக்கூடங்களிலேயே பெற்றோர் மறுத்ததைப் பார்த்தோம். ஊசி போட்ட ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் சிலருக்கு லேசான காய்ச்சலோ தடிப்போ வருவதும் உண்மை. நோயும் அதே நாட்களில் வரக்கூடும் என்பதால் பார்வைக்குப் பிரித்தறிவது கடினம். ஆய்வகத்தில் வைரஸின் மரபு வகையைப் பார்த்து, ஊசியில் இருந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்று சொல்லிவிடலாம். ஊசி போடுபவர்கள் இதை முன்கூட்டியே பெற்றோரிடம் விளக்கிவிட்டால் பாதிச் சண்டை தீரும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் கவலை இரட்டிப்பு. தாயின் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு வந்து சில மாதங்கள் காக்கும். அதே எதிர்ப்பொருள் ஊசி வைரஸையும் அழித்துவிடும் என்பதால்தான் 9 மாதம் வரை காத்திருக்கிறோம். நோயாளியோடு தொடர்பு ஏற்பட்டிருந்தால் 6 மாதம் நிறைந்த குழந்தைக்கு மருத்துவர் முன்கூட்டியே ஊசி போட முடிவெடுக்கலாம். ஆனால் அது கணக்கில் சேராது, வழக்கமான இரண்டு தவணையும் பிறகு போட வேண்டும். அதைவிடச் சின்னக் குழந்தைக்கு 6 நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது தயார்நிலை எதிர்ப்பொருள், கொடுக்கும் வழி உண்டு. கர்ப்பிணிகளுக்கும், புற்றுநோய் சிகிச்சையில் இருக்கும் பிள்ளைகளுக்கும் உயிருள்ள வைரஸ் ஊசி கூடாது. இவர்களும் இம்யூனோகுளோபுலின் பற்றித்தான் கேட்க வேண்டும். சாதாரண சளி, லேசான காய்ச்சல் மட்டும் ஊசியைத் தள்ளிப்போடக் காரணம் ஆகாது.

புதன்கிழமைக்கும் காத்திருக்க வேண்டாம். எம்ஆர் குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கும், கரைத்தால் 4 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். அதனால்தான் கிராமங்களில் ஒரே நாளில் பிள்ளைகளைத் திரட்டுகிறார்கள். வியாழக்கிழமை தெரியவந்தால் அடுத்த புதனுக்குள் கெடு போய்விடும். நர்ஸம்மாவுக்குப் போன் போட்டு எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள், 104-க்கும் அழைக்கலாம், பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ குழந்தை மருத்துவரிடமோ விசாரிக்கலாம்.

நோய் வந்தே விட்டால் வைட்டமின் ஏ இரண்டு நாள் கொடுப்பார்கள். கண்ணையும் உயிரையும் காப்பதில் அதற்குப் பங்குண்டு. மூச்சு வாங்கினாலோ, பிள்ளை சோர்ந்து குடிக்காமல் கிடந்தாலோ வேப்பிலையோடு நிறுத்தாமல் உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆனால் ஓபி வரிசையில் பிள்ளையோடு போய் உட்கார்ந்துவிடாதீர்கள். ஒருவர் முதலில் உள்ளே போய், அம்மை மாதிரி இருக்கிறது, வெளியே ஆட்டோவில் வைத்திருக்கிறோம் என்று சொல்லட்டும். அந்த வரிசையில் ஊசி வயது வராத குழந்தைகள் மடியில் இருக்கும்.