ஹெட்போன்: சொல்லின் பிறப்பும் அதற்கேற்ற தமிழும்

கைபேசி உதிரிப்பொருள் விற்கும் கடையில் நின்று "அண்ணா, ஒரு ஹெட்செட் குடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் பெரும்பாலும் காதுக்குள் செருகும் இரண்டு சிறு மொட்டுகளும் மெல்லிய கம்பியும் கொண்ட பொட்டலத்தைத்தான் எடுத்து வைப்பார். கேட்டவருக்கு வேண்டியது, வீட்டில் கணினி முன் அமர்ந்து விளையாடவும் பாட்டுக் கேட்கவும் தலைமேல் அணியும் பெரிய கருவி என்றால், "அது இல்லண்ணா, தலையில மாட்டுறது" என்று இரு கைகளாலும் தலையை வளைத்துக் காட்ட வேண்டியிருக்கும். தமிழ்நாட்டுப் பேச்சு வழக்கில் ஹெட்செட், ஹெட்போன், இயர்போன் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே பொருளில் புழங்குகின்றன. ஆங்கிலத்தில் அவை மூன்றும் மூன்று பொருள்களைக் குறிப்பவை. இந்த வேறுபாடு தெரியாமல் பொருளை மாற்றி வாங்கி வந்து வருந்தியவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன் என்பதால், சொல்லிலிருந்தே தொடங்குவது நல்லது என்று எண்ணுகிறேன்.

ஹெட்போன் என்பதில் 'ஹெட்' என்பது தலை. 'போன்' என்பது குரல், ஒலி எனப் பொருள்படும் 'ஃபோனே' என்ற கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. டெலிபோன், மைக்ரோபோன், கிராமபோன், சாக்ஸபோன் எல்லாவற்றிலும் இருப்பது இதே வேர்தான். ஆயினும் ஹெட்போன் நேரே கிரேக்கத்திலிருந்து கோத்தெடுத்த சொல் அன்று. தொலைபேசியில் காதருகே வைத்துக் கேட்கும் பகுதியையே போன் என்று அழைத்து வந்தார்கள். அதைக் கையில் பிடிக்காமல் தலையில் பட்டை கட்டித் தாங்கச் செய்தபோது அது தலைக்குரிய போன் ஆயிற்று. ஒரு காதுக்கு ஒரு போன் என்ற கணக்கில்தான் ஆங்கிலத்தில் இச்சொல் இன்றும் பெரும்பாலும் பன்மையில் வழங்குகிறது. தமிழில் அந்தப் பன்மைக்குத் தேவையே இல்லை. இரண்டு வில்லைகள் இருந்தும் மூக்குக்கண்ணாடியை நாம் ஒருமையில்தானே சொல்கிறோம்!

முதலில் இக்கருவியை அணிந்தவர்கள் இசை கேட்பவர்கள் அல்லர். தொலைபேசி இணைப்பகங்களில் இரு கைகளாலும் செருகிகளை மாற்றிக்கொண்டே பேச்சையும் கேட்க வேண்டியிருந்த பணியாளர்களுக்கே கைகளை விடுவிக்கும் கருவி தேவைப்பட்டது. பிரான்சு நாட்டுப் பொறியாளர் எர்னஸ்ட் மெர்காடியே காதுக்குள் செருகும் எடை குறைந்த கேட்கும் கருவிக்கு 1891-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்டுவின் 1910-ஆம் ஆண்டளவில், இன்றைய வடிவத்தை ஒத்த தலைப்பட்டைக் கருவியைத் தம் வீட்டுச் சமையலறையில் உருவாக்கி அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். சோதித்துப் பார்த்த கடற்படை அவரிடமே வாங்கத் தொடங்கியது. வீட்டில் பாட்டுக் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போன் சந்தைக்கு வர, 1958-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த ஜான் காஸ் வரும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பணிக்கருவியாகப் பிறந்த பொருள் இன்பக் கருவியாக மாறியது அப்போதுதான்.

இனித் தமிழுக்கு வருவோம். எளிதில் தோன்றும் சொல் 'தலையணி'. ஆனால் தலையில் அணியும் நகைக்கும் அது பொருந்தும். ஒலி என்ற கருத்தே அதில் இல்லை. 'காதணி' என்றால் தோடும் கம்மலும்தான் நினைவுக்கு வரும். 'செவிப்பொறி' என்பது கேட்க அழகாக இருந்தாலும், மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளுள் ஒன்றான காதையே அது குறித்துவிடும். 'செவிபேசி' என்பது தொலைபேசி, கைபேசி ஆகியவற்றின் அச்சில் வார்த்தது; ஆனால் தொலைபேசியில் நாம் பேசுகிறோம், இக்கருவியிலோ கேட்க மட்டுமே செய்கிறோம். 'போன்' என்பதைக் கண்ட இடமெல்லாம் 'பேசி' என்று மாற்றுவது, வேரின் பொருளான ஒலியை விட்டுவிட்டுத் தொலைபேசியின் நிழலைப் பிடிப்பதாகும். மைக்ரோபோனை 'ஒலிவாங்கி' என்று பெயர்த்தவர்கள் இந்த இடத்தில் மிகச் சரியாக நடந்துகொண்டார்கள். கருவி என்ன செய்கிறது என்பதை மட்டுமே பார்த்தார்கள்.

எனவே 'காதொலிப்பான்' என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. எங்கே அமர்கிறது என்பதைக் 'காது' சொல்கிறது. என்ன செய்கிறது என்பதை 'ஒலிப்பான்' சொல்கிறது. பேருந்தின் ஹாரனையும் ஒலிப்பான் என்கிறோமே என்று கேட்கலாம். முன்னே நிற்கும் 'காது' அந்தக் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறது. இச்சொல்லைப் பொதுப்பெயராகக் கொண்டால் வகைகளும் இயல்பாகப் பிரியும். மடல் முழுவதையும் உள்ளடக்கிச் சூழ்ந்து நிற்பது காதுசூழ் வகை. மடலின்மேல் அழுந்தி அமர்வது காதுமேல் வகை. துளைக்குள் செருகுவது காதுள் வகை, அதாவது இயர்போன். ஹெட்செட் என்பதில் உள்ள 'செட்' தொகுதியைக் குறிப்பது: காதொலிப்பானும் ஒலிவாங்கியும் சேர்ந்த தொகுதி. எனவே அதை 'ஒலிவாங்கியுள்ள காதொலிப்பான்' என்று விரித்துச் சொல்வதே தெளிவு. கடையில் போய் இச்சொற்களைச் சொல்ல வேண்டும் என்று நான் வற்புறுத்தவில்லை. ஆனால் மனத்தில் இப்பாகுபாடு இருந்தால், குறைந்த விலையில் நல்லதைத் தேர்ந்தெடுப்பது பாதி முடிந்தாற்போலத்தான்.

வீட்டில் இரண்டு மூன்று மணி நேரம் அணிவதற்குக் காதுசூழ் வகையே ஏற்றது. காதுமேல் வகை சிறிது நேரத்தில் மடலை அழுத்தி வலிக்கச் செய்யும். காதுசூழ் வகையிலும் வெளிக்கூடு அடைத்தது, வெளிக்கூடு திறந்தது என இரண்டு உண்டு. சென்ஹைசர் நிறுவனம் 1968-இல் வெளியிட்ட எச்டி 414 என்ற கருவியால் பரவிய திறந்த கூட்டு வகையில், ஒலி காதுக்குள் அடைபடாமல் விரிந்து கேட்கும், வெப்பமும் தேங்காது. ஆனால் நீங்கள் கேட்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்கும் கேட்கும், மின்விசிறி ஓசையும் தெருவோசையும் உங்களுக்குக் கேட்கும். ஒரே அறையில் பலர் உறங்கும் வீட்டுக்கு அடைத்த கூடுதான் சரி. விலை மலிவான கருவிகளில் முதலில் கெடுவது பெரும்பாலும் காதுமெத்தையின் மேலுறைதான்: செயற்கைத் தோல் வியர்வையில் ஊறிக் கருஞ்செதில்களாக உரிந்து கன்னத்தில் ஒட்டும். மெத்தையைத் தனியே கழற்றி மாற்ற முடியுமா என்பதை வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் எண்களுள் சில வெறும் அலங்காரமே. 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்பது மனிதச் செவி கேட்கக்கூடிய அதிர்வெண் எல்லை. ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அது இருக்கும், அதை வைத்து ஒலித்தரத்தை அறிய இயலாது. ஒலியை எழுப்பும் உட்பாகமான டிரைவர் 50 மில்லிமீட்டர் என்றால் 40-ஐவிடச் சிறந்தது என்றும் பொருளில்லை. கவனிக்க வேண்டியது இம்பிடன்ஸ் என்னும் மின்னெதிர்ப்பு. ஆங்கிலத்தில் இச்சொல்லை 1886-இல் உருவாக்கியவர் ஆலிவர் ஹெவிசைடு. தடுத்தல் என்ற பொருளுடைய வினையிலிருந்து அதை அமைத்தார். இந்த மின்னெதிர்ப்பு 16 முதல் 32 ஓம் வரை உள்ள கருவியைக் கைபேசியும் கணினியும் பொதுவாக எளிதில் இயக்கிவிடும். 250 ஓம் கருவியை மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கினால், தனியாக ஆம்ப்ளிஃபையர் ஒன்று வாங்கும்வரை ஒலி மெலிந்தே கேட்கும்.

விளையாட்டுக்கென்றால் 'லேட்டன்சி' என்ற சொல்லையும் அறிந்திருக்க வேண்டும். மறைந்திருத்தல் என்ற இலத்தீன் வேருடைய அதற்கு, 'தாமதம்' என்ற நம் பழகிய சொல்லே போதும். மின்னலுக்குப் பின் இடி கேட்பதுபோல, புளூடூத் கருவிகளில் திரையில் துப்பாக்கி சுட்டபின் சிறிது பொறுத்தே ஓசை வரும். பாட்டுக் கேட்கும்போது இது தெரியாது, விளையாடும்போது தோல்வியையே தந்துவிடும். கம்பியுள்ள கருவியில் இந்தத் தாமதம் உணரத்தக்க அளவில் இல்லை, விலையும் குறைவு. நாற்புறமிருந்தும் ஒலி வருவதாகத் தோன்றச் செய்யும் '7.1 சரவுண்ட்' என்ற எழுத்துகளுக்காகக் கூடுதல் பணம் தருவதையும் நான் ஏற்பதில்லை. இரு பக்கமும் ஒவ்வொரு டிரைவர் மட்டுமே உள்ள கருவியில் அது மென்பொருளின் வேலையே. வண்ண விளக்குகளுக்கும் ஒலிவாங்கிக்கும் போகும் பணத்தை, விளையாடும்போது பேசும் பழக்கம் இல்லாதவர், ஒலிவாங்கியற்ற நல்ல காதொலிப்பானுக்கே செலவிடலாம்.

பேச வேண்டியவர் செருகியை உற்றுப் பார்க்க வேண்டும். இந்த 3.5 மில்லிமீட்டர் செருகி, தொலைபேசி இணைப்பகத்தில் இருந்த பெரிய செருகியின் வழித்தோன்றல். அதன் உலோகத் தண்டில் இரண்டு வளையக் கோடுகள் இருந்தால் இடம், வலம் ஆகிய இரு ஒலிகளுக்கு மட்டுமானது. மூன்று கோடுகள் இருந்தால் பெரும்பாலும் ஒலிவாங்கிக்கும் சேர்த்து. நான் முதலில் வாங்கிய கருவியில் மூன்று கோடுகள் இருந்தன. என் பழைய மேசைக் கணினியிலோ பச்சைத் துளை ஒன்றும் இளஞ்சிவப்புத் துளை ஒன்றுமாகத் தனித்தனியே இருந்தன. பாட்டு நன்றாகக் கேட்டது, நான் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. பழுதென்று எண்ணிக் கடைக்குத் திருப்பி எடுத்துச் சென்றபோது, கடைக்காரர் செருகியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒரு முனையில் ஒரு துளையும் மறுமுனையில் இரண்டு செருகிகளும் கொண்ட சிறிய பிரிப்புக் கம்பி ஒன்றைக் கையில் தந்தார்.