பாட்டியின் காது நீண்டதா, வளர்ந்ததா?

போன வாரம் வளசரவாக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். அவருடைய பாட்டிக்கு நெல்லைப் பக்கம். பாம்படம் போட்ட காது தோள் வரை தொங்குமாம். சின்ன வயதில் மடியில் உட்கார்ந்து அந்தத் துளைக்குள் கையை நுழைத்து விளையாடியிருக்கிறார். "அது ரப்பர் மாதிரி இழுபட்டு நீண்டதா, இல்லை நிஜமாகவே சதை வளர்ந்ததா?" என்று கேட்கிறார்.

இரண்டும்தான். முதலில் நீண்டது, அப்புறம் வளர்ந்தது. வெறும் ரப்பராக இருந்தால் பாம்படத்தைக் கழற்றியதும் பழைய அளவுக்குச் சுருங்கியிருக்க வேண்டும். சுருங்காததால்தான் பிற்காலத்தில் பல பெண்கள் காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள்.

காது வளர்த்த முறையைக் கவனியுங்கள். குத்திய துளையில் முதலில் பஞ்சுத் திரி. பிறகு பனையோலைச் சுருள். அது விரிய முயல்வதால் துளை விரியும். அதற்கும் பிறகுதான் ஈயக் குணுக்கு என்ற கனமான வளையம். எல்லாம் மாதக்கணக்கில் நடக்கும். அவசரப்பட்டால் காது அறுந்துவிடும். 1957இல் நியூயார்க்கில் நியூமன் என்ற மருத்துவர், காதின் ஒரு பகுதியை இழந்தவருக்குப் புதுக் காது செய்யத் தோல் தேவைப்பட்டபோது, காதருகே தோலுக்கு அடியில் ஒரு ரப்பர் பலூனை வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊதினார். பலூனுக்கு மேலே தோல் கூடுதலாகக் கிடைத்தது. இன்று தீக்காயத் தழும்பை அகற்றும் பிளாஸ்டிக் சர்ஜரியில் சிலிக்கான் பையை வைத்து, வாரா வாரம் ஊசியில் உப்பு நீர் ஏற்றுகிறார்கள். ஓலைச் சுருளின் வேலையைத்தான் அந்தப் பை செய்கிறது.

சரி, தன்னை யாரோ இழுக்கிறார்கள் என்பது செல்லுக்கு எப்படித் தெரிகிறது?

ஒரு வழி, கதவு. செல்லின் சவ்வில் பீசோ என்ற புரதம் மூன்று இறக்கை மின்விசிறி போல உட்கார்ந்து, சவ்வைக் கிண்ணம் போலக் குழித்து வைத்திருக்கும். சவ்வு இழுபட்டால் கிண்ணம் தட்டையாகும், நடுவிலுள்ள துளை திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். கேஸ் அடுப்பு லைட்டரில் இருக்கிற பீசோவுக்கும் இதற்கும் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான். அழுத்தம் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. 2010இல் கலிபோர்னியாவில் ஆர்டெம் பட்டாபூட்டியனின் ஆய்வகம் இதைக் கண்டுபிடித்தது. சந்தேகப் பட்டியலில் இருந்த 72 மரபணுக்களை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, செல்லைக் கண்ணாடி ஊசியால் குத்திப் பார்த்தார்கள். 72ஆவதில் மாட்டியது. 2021இல் நோபல் பரிசு.

"ஒவ்வொன்றாக அணைத்துப் பார்ப்பேன், கிடைக்குமா என்று தெரியாது" என்று நம் ஊரில் நிதி விண்ணப்பம் எழுதிப் பாருங்கள். 'சமூகப் பயன்' என்ற கட்டத்தில் எதை நிரப்புவது? எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வு மாணவிக்கு ஏழு மாதம் உதவித்தொகை வரவில்லை. மாலையில் பிளஸ் டூ டியூஷன் எடுத்துத்தான் அறை வாடகை கட்டினார். இங்கே பத்தாவது மரபணுவிலேயே ஆள் வேலையை விட்டுப் போயிருப்பார்.

பீசோ சட்டென்று திறந்து சட்டென்று மூடும் கதவு. மாதக்கணக்கில் நீடிக்கும் இழுப்பைக் கணக்கு வைக்கிற வேலையில் டாலின் என்ற இன்னொரு புரதத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்குப் பிடித்தது அதுதான்.

போன தீபாவளிக்குத் தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றில் மனைவியோடு நின்றிருந்தேன். அடுக்கிய சேலைகளில் விலை தெரியவில்லை. கடைப் பையன் ஒரு முனையை மடியில் அமுக்கிக்கொண்டு மறுமுனையை இழுத்தான். மடிப்பு விரிந்தது, உள்ளே விலைச் சீட்டு. (விலை இங்கே வேண்டாம்.)

டாலின் ஏறக்குறைய இந்தச் சேலைதான். செல்லுக்கு வெளியே கொலாஜன் என்ற நார்ப்புரத வலை. அதைச் சவ்வு வழியாகப் பிடித்திருக்கும் கொக்கி இன்டக்ரின். உள்ளே ஆக்டின் என்ற புரதக் கயிறுகள். டாலினின் ஒரு முனை கொக்கியில், மறுமுனை கயிற்றில். நடுவே 13 மடிப்புகள். சில மடிப்புகளுக்குள் வின்குலின் என்ற புரதம் வந்து ஒட்டுவதற்கான இடங்கள் ஒளிந்திருக்கின்றன. மூடியிருக்கும் வரை வின்குலின் பக்கத்திலேயே மிதந்தாலும் ஒட்ட முடியாது. இழுத்தால் மடிப்பு விரியும், சீட்டு தெரியும், வின்குலின் வந்து பிடித்துக்கொள்ளும். கூடவே புதுக் கயிறுகளையும் கொண்டுவந்து பிணைக்கும். எங்கே இழுக்கிறார்களோ அங்கேயே பிடி பலமாகிறது.

முதல் மடிப்பு விரிய ஏறக்குறைய 5 பிக்கோநியூட்டன் போதும். கையிலிருக்கும் 100 கிராம் வெல்லத்தின் எடை கிட்டத்தட்ட 1 நியூட்டன். அதை லட்சம் கோடியாகப் பிரித்தால் ஒரு பங்குதான் 1 பிக்கோநியூட்டன். லட்சம் கோடி என்ற எண் நமக்குச் செய்தித்தாளில் பழக்கமானதே. செல்லுக்குள் கயிறிழுக்கும் மயோசின் மூலக்கூறு ஒவ்வொன்றின் பலமும் சில பிக்கோநியூட்டன்தான். அதாவது இரண்டு மூன்று பேர் சேர்ந்து இழுத்தாலே பிரியும்படி அந்த மடிப்பு மடிக்கப்பட்டிருக்கிறது. மற்ற மடிப்புகளுக்கு இன்னும் கூடுதல் விசை வேண்டும். ஆக, எத்தனை மடிப்பு பிரிந்திருக்கிறது என்பதே எவ்வளவு இழுவை என்பதற்கான அளவுகோல். தனி டாலின் மூலக்கூறைக் காந்தத்தால் இழுத்தால் வின்குலின் வந்து ஒட்டுகிறது என்பதை 2009இல் காட்டினார்கள் மைக்கேல் ஷீட்ஸும் சகாக்களும். அவரை இயக்குநராக வைத்து சிங்கப்பூர் இந்தத் துறைக்கென்றே ஓர் ஆய்வு நிறுவனம் தொடங்கியது.

மீதிக் கதை வேகமானது. கயிறுகள் விறைப்பானால் யாப் என்ற புரதம் (யாப்பிலக்கணத்துக்குச் சம்பந்தமில்லை) உட்கருவுக்குள் போய், செல் பெருகுவதற்கான மரபணுக்களை இயக்கும். எலித் தோலுக்கு அடியில் தானாக உப்பும் ஜெல்லை வைத்துப் பார்த்த பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள், இழுபட்ட தோலில் ஸ்டெம் செல்கள் (புதுச் செல்களைப் பிறப்பிக்கும் மூலச் செல்கள்) தங்களைப் போன்ற செல்களையே கூடுதலாக உண்டாக்குவதை 2020இல் காட்டினார்கள். உள்தோல் வளரும் வேகத்தை இழுவை முந்திவிட்டால் நார்கள் சிதையும். கர்ப்பிணியின் வயிற்றில் வரிகள் விழ அது ஒரு காரணம்.

இதைப் படித்துவிட்டுப் பச்சைக் குழந்தையின் மூக்கை நீவி எடுப்பாக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். குளிப்பாட்ட வரும் ஆயா பத்து விநாடி இழுத்தால் பீசோ கதவு திறந்து மூடும், குழந்தை வீறிட்டு அழும், அவ்வளவுதான். மின்சார ரயிலில் ஒட்டியிருக்கும் 'உயரமாக வளர' நோட்டீஸ்களும் இதே ரகம். வளர்ச்சிக் குருத்து மூடிய எலும்பை நீட்ட வேண்டுமானால், சோவியத் எலும்பு மருத்துவர் இலிசரோவ் செய்தது போல அதை வெட்டி, கம்பி வளையம் மாட்டி, நாளுக்கு 1 மில்லிமீட்டராக இழுக்க வேண்டும். கம்பியில் தொங்கினால் தோள்தான் வலிக்கும்.

வாசகிக்கு இன்னொன்று. ஓலைச் சுருள் விரிந்து தளர்ந்ததும், செல்களின் மேல் இழுவை குறையும். டாலின் மறுபடி மடிந்துகொள்ளும், யாப் உட்கருவை விட்டு வெளியே வரும், வளர்ச்சி நின்றுவிடும். உங்கள் பாட்டியின் அம்மா அதை விரலாலேயே கண்டுபிடித்திருப்பார். சுருளைத் தொட்டுப் பார்த்து, லேசாக ஆடினால், அதை எடுத்துவிட்டு இன்னும் கொஞ்சம் பெரிய சுருளாக வைத்திருப்பார்.