பால்கனியைக் கண்ணாடி போட்டு மூடும் முன்

வீடு கட்டிக் கொடுப்பதும் பழைய வீட்டைத் திருத்திக் கொடுப்பதும்தான் என் தொழில். இப்போதெல்லாம் வருகிறவர்கள் பலர் செல்போனில் ஒரு படத்தோடு வருகிறார்கள். மூன்று பக்கமும் கண்ணாடி, உள்ளே வெள்ளை சோபா, தொட்டிச் செடிகள், வெளியே பனி. "நம்ம சிட்-அவுட்டையும் இப்படிப் பண்ணித் தர முடியுமா சார்?" என்று கேட்கிறார்கள். செய்து தர முடியும். ஆனால் சென்னை, திருச்சி, மதுரை போன்ற சமவெளி ஊர்களில் வேண்டாம் என்றுதான் பெரும்பாலும் சொல்கிறேன்.

அந்தப் படங்கள் குளிர் நாட்டு வீடுகளில் எடுத்தவை. டொராண்டோவில் டிசம்பர் கடைசியில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 23 டிகிரிதான் ஏறும். அந்தச் சாய்ந்த வெயிலை வீட்டுக்குள் பிடித்து வைக்கத்தான் அங்கே கண்ணாடி அறை கட்டுகிறார்கள். கண்ணாடி வெயிலை உள்ளே விடும். சூடேறிய தரையும் சுவரும் திருப்பி வீசும் வெப்பத்தை வெளியே விடாது. ஜன்னலை ஏற்றிவிட்டு வெயிலில் நிறுத்திய கார் மாதிரிதான். நம் ஊரில் அதே டிசம்பரிலும் சூரியன் 50 டிகிரிக்கு மேலே நிற்கிறது. ஏப்ரல் கடைசியில் சென்னையில் நேர் உச்சிக்கே வந்துவிடுகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். மேற்குப் பார்த்த பால்கனியில் 10 அடி அகலம், 8 அடி உயரத்துக்குச் சாதாரணக் கண்ணாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். கோடையில் மாலை நான்கு மணி வாக்கில் அதன் மேல் சதுர மீட்டருக்குச் சுமார் 600 வாட் வெயில் விழும். ஒற்றைக் கண்ணாடி அதில் ஏறக்குறைய 80 சதவீதத்தை உள்ளே அனுப்பிவிடும். மொத்தம் மூன்றரை கிலோவாட். ஒரு டன் ஏசி இடைவிடாமல் ஓடினால்தான் அவ்வளவு வெப்பத்தை வெளியேற்றும். கூரைச் சூடு, ஆட்களின் சூடு எல்லாம் இதற்கு மேல்.

கருப்புக் கண்ணாடி போட்டால் சரியாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். அது கண் கூச்சத்தைக் குறைக்கும். ஆனால் வெயிலைத் தானே குடித்துச் சூடாகி, அந்தச் சூட்டில் ஒரு பங்கை உள்ளேயே வீசும். வெயிலின் சூட்டைத் தடுக்கும் பூச்சுள்ள சோலார் கன்ட்ரோல் கண்ணாடி உண்மையாகவே வெப்பத்தைக் குறைக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். உள்பக்கம் திரை மாட்டுவதில் பெரிய பலன் இல்லை. வெயில் அதற்குள் கண்ணாடியைத் தாண்டியிருக்கும். மறைப்பு எதுவானாலும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். வெளியே தொங்கவிட்ட மூங்கில் தட்டி, உள்ளே போட்ட கனமான திரையைவிட அறையைக் குளிர்ச்சியாக வைக்கும்.

போரூர் பக்கம் ஒரு மாடி வீட்டில் மேற்குப் பால்கனியை வேறொருவரை வைத்து மூடியிருந்தார்கள். கோடை கழிந்ததும் என்னைக் கூப்பிட்டார்கள். கண்ணாடி ஓரம் கிடந்த சோபாவின் ஒரு கை மட்டும் வெளுத்திருந்தது. அறைக்குள் குறுக்கே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். உட்கார யாரும் வருவதில்லை. அந்த வீட்டு அம்மாவுக்கு அதைவிட ஹாலைப் பற்றித்தான் வருத்தம். "முன்னெல்லாம் மத்தியானம் ஃபேன் இல்லாமலே இருப்போம் சார், இப்ப புழுங்குது" என்றார். கிழக்கு ஜன்னலில் நுழையும் கடற்காற்று அந்தப் பால்கனி வழியாகத்தான் வெளியேறிக்கொண்டிருந்தது. போகிற வழியை அடைத்ததும் வருகிற காற்றும் நின்றுவிட்டது. பகலிலேயே ஹாலில் விளக்கு எரிந்தது.

ஸ்லைடிங் கதவுதானே, திறந்து வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். இரண்டு கதவு ஸ்லைடிங்கில் எப்போதும் பாதிதான் திறக்கும். மீதிப் பாதி அடைத்தபடியேதான் இருக்கும்.

எதற்காக மூட நினைக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் கொசு, புறா, திருட்டு பயம், சாரல் என்றுதான் பதில் வருகிறது. இதில் முதல் இரண்டுக்கும் வலையே போதும், திருட்டு பயத்துக்கு கிரில் இருக்கிறது. அதனால் சமவெளியில் என் முதல் சிபாரிசு, ஆழமான சன்ஷேடும் கொசுவலையும் உள்ள திறந்த சிட்-அவுட்தான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. சாயங்காலம் மட்டும் கதவைச் சாத்திப் பயனில்லை. அங்குலத்துக்கு 16 முதல் 18 கண் உள்ள வலையாகப் பாருங்கள். கடலுக்குத் தள்ளியிருக்கும் ஊர்களில் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் நன்றாக உழைக்கும், கடலோரம் என்றால் 316 கேளுங்கள். துத்தநாகம் பூசிய இரும்பு வலை (ஜி.ஐ.) உப்புக் காற்றில் சீக்கிரம் துருப்பிடித்துவிடும். வலை எதுவானாலும் காற்றைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், தூசி அடைந்தால் இன்னும் அதிகம். அதனால் கழற்றிக் கழுவும்படி சட்டத்தில் மாட்டச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால் வெல்க்ரோ ஒட்டிய வலை போதும்.

சாரலை வலை தடுக்காது. ஆகவே தரையை நனையும் தரையாகவே போட்டுவிட வேண்டும்: ஹாலைவிட ஒன்றரை அங்குலமாவது தாழ்வு, தண்ணீர் வெளியேறும் குழாயை நோக்கி வாட்டம், வழுக்காத டைல். பளபளக்கும் விட்ரிஃபைட் டைலைச் சாரலடிக்கும் இடத்தில் போட்டுப் பெரியவர்கள் விழுந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

தோட்டம் இருப்பவர்கள் வீட்டை ஒட்டி வெளியிலேயே கூரை மட்டும் போட்டு உட்காரும் இடம் கேட்கிறார்கள். நல்ல யோசனைதான். மேலே பாலிகார்பனேட் ஷீட் போட்டால் மட்டும் வெளிச்சத்தோடு வெயிலும் வந்துவிடும், ஓடு நல்லது. பந்தலில் கொடி ஏற்றினாலும் நல்லது. எந்தக் கூரையானாலும் காற்றை மறக்காதீர்கள். கட்டடங்களின் காற்றுச் சுமைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 875 சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகத்தை விநாடிக்கு 50 மீட்டர் என்று வைத்திருக்கிறது, மணிக்கு 180 கிலோமீட்டர். கோயம்புத்தூருக்கு 39. திறந்த கூரையைக் காற்று அடியிலிருந்து மேலே தூக்கும். அதனால் கால்களைத் தரை டைலில் போல்ட் போட்டு நிறுத்தாமல் காங்கிரீட் அடித்தளத்தில் பிணைக்க வேண்டும்.

கண்ணாடி அறை நம் மாநிலத்தில் பொருந்தும் இடம் ஊட்டி, குன்னூர், கொடைக்கானல். அங்கே தெற்குப் பார்த்துக் கட்டினால் மார்கழிக் குளிரில் பகல் முழுக்க இதமாக இருக்கும். தலைக்கு மேல் வரும் கண்ணாடி லேமினேட் செய்ததாக இருக்கட்டும். உடைந்தாலும் சில்லுகள் நடுவிலுள்ள படலத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். பாதுகாப்புக் கண்ணாடிக்கான ஐ.எஸ். 2553 முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எந்த ஊரானாலும் மூடுவதற்கு முன் இவற்றைக் கவனிக்காமல் விடாதீர்கள். பால்கனியிலோ யுடிலிட்டியிலோ கேஸ் கீசர் இருந்தால் அந்த இடத்தை மூடவே கூடாது. காற்றோட்டம் குறைந்தால் அது கார்பன் மோனாக்சைடை வெளியிடும். நிறமும் வாசனையும் இல்லாததால் மூச்சு திணறுவது தெரியாமலே உயிர் போகும். முதலில் கீசரை மாற்றுங்கள், அப்புறம் மற்றதைப் பேசலாம். படுக்கையறையின் ஒரே ஜன்னல் அந்தப் பால்கனிக்குள் திறக்கிறது என்றாலும் அடைக்க வேண்டாம். தனி வீட்டில் சட்டப்படி விட்ட பக்கவாட்டுக் காலியிடத்தை அறையாக்கினால் விதிமீறல் ஆகும். அடுக்குமாடி என்றால் சங்கத்தின் எழுத்து அனுமதி வாங்கிவிடுங்கள்.

கிரில்லைப் பட்டறைக்காரர் முழுக்க வெல்டு வைத்து மூடிவிடுவார், அதுதான் அவருக்குச் சுலபம். வாசல் பக்கம் தீப்பிடித்தால் பால்கனி வழியாகத்தான் இறங்க வேண்டியிருக்கும். ஓர் ஆள் நுழையும் அளவுக்கு, இரண்டரை அடிக்கு மூன்றடியில், கீல் வைத்துத் திறக்கும் கதவு ஒன்றை அந்தக் கிரில்லிலேயே கேட்டு வாங்குங்கள். அதன் பூட்டுச் சாவியைக் குழந்தைகளுக்கும் தெரியும்படி உள்பக்கச் சுவரில் மாட்டி வையுங்கள்.