இருபது வயதில் என்ன வேலை செய்தீர்கள்?

ஸ்விண்டன் ரயில் பட்டறைக்குள் இன்று போனால் உடுப்புக் கடைகளும் சப்பாத்துக் கடைகளும்தான். இங்கிலாந்தின் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே தன் எஞ்சின்களைக் கட்டிய இடம் அது. 1843 இல் தொடங்கியது. ஒரு காலத்தில் 14,000 பேருக்கு மேல் அங்கே வேலை செய்தார்கள். பிரித்தானிய ரயில்வேக்காகக் கட்டிய கடைசி நீராவி எஞ்சினான 'ஈவ்னிங் ஸ்டார்' 1960 இல் அங்கிருந்துதான் வெளியே வந்தது. 1986 இல் பட்டறையை மூடினார்கள். செங்கல் சுவர்களையும் இரும்புத் தூண்களையும் இடிக்காமல் விட்டதால் பழைய அளவு இன்னும் தெரிகிறது. ஒரு பகுதியில் 'ஸ்டீம்' என்ற அருங்காட்சியகமும் இருக்கிறது.

ரயில் பிரியர்கள் எஞ்சின் பார்க்கப் போவார்கள். கொழும்பில் நெஞ்சு நோயாளிகளைப் பார்க்கும் எனக்கு வேறு காரணம் இருந்தது. மீசோதீலியோமா என்று ஒரு புற்றுநோய் உண்டு. பெரும்பாலும் நுரையீரலைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையில் வரும். அதை 'ஸ்விண்டன் நோய்' என்றே சொல்லும் அளவுக்கு அந்த ஊர்த் தொழிலாளர்களிடம் அது காணப்பட்டது.

காரணம் அஸ்பெஸ்டஸ். சூட்டைத் தாங்கும், மெல்லிய நார்களாகப் பிரியும் ஒரு கனிமம் அது. நீராவி எஞ்சினின் கொதிகலன் சூட்டை வெளியே விடக்கூடாது. அதற்காக அஸ்பெஸ்டஸைக் குழைத்துப் பூசினார்கள், அல்லது மெத்தை போலத் தைத்துச் சுற்றினார்கள். அதன்மேல் தகடு. எஞ்சின் திருத்தத்துக்கு வரும்போது அதையெல்லாம் கொத்தி எடுக்க வேண்டும். தூசி பறக்கும். கொத்தியவர் மட்டும் அதைச் சுவாசிக்கவில்லை. பக்கத்தில் வேறு வேலை செய்தவரும், மாலையில் தரையைக் கூட்டியவரும் சேர்ந்துதான் சுவாசித்தார்கள். 1950களில் பிரித்தானிய ரயில் பெட்டிகளின் உட்சுவர்களிலும் நீல அஸ்பெஸ்டஸைத் தெளித்தார்கள். வகைகளிலேயே மிக மோசமானது அது. தூசி படிந்த வேலை உடுப்பை வீட்டில் உதறித் துவைத்த மனைவிமாருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது.

அந்த ஊரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1847 இலேயே தொழிலாளர்களின் சம்பளத்தில் சிறு தொகை கழித்து ஒரு மருத்துவ நிதியம் நடத்தினார்கள். டொக்டர், மருந்து, பிறகு ஆஸ்பத்திரி, குளியல் கூடம் எல்லாம் அதிலிருந்து வந்தன. பிரித்தானியாவின் தேசிய சுகாதார சேவைக்கு அது முன்மாதிரி என்பார்கள். தொழிலாளியின் உடம்பை அவ்வளவு பார்த்துக்கொண்ட ஊரிலேயே இது நடந்தது என்பது எனக்கு இன்றும் மனசை அறுக்கிறது. அந்த நார் உள்ளே போய் 20 முதல் 50 வருடங்கள் கழித்துத்தான் நோய் வெளியே தெரியும். வேலை செய்த காலத்தில் ஒரு இருமல்கூட இருந்திருக்காது.

சரி, கொழும்புக்கு வருவோம். மூச்சு வாங்குகிறது என்று ஒரு ஐயா கிளினிக்குக்கு வருகிறார். தொழில் என்ற இடத்தில் 'ஓய்வு பெற்றவர்' என்று எழுதியிருக்கும். நான் கேட்பேன்: "ஐயா, இருபது வயதில் என்ன வேலை செய்தீர்கள்?" அப்போதுதான் ரயில் பட்டறை, துறைமுகம், கப்பல் திருத்தம், கூரை சீற் அடித்த வருடங்கள் எல்லாம் வெளியே வரும். "அது எப்பவோ விட்ட வேலை டொக்டர், அதுக்கும் இதுக்கும் என்ன?" என்பார்கள். அதற்குள் பல காலம் தொய்வு என்று இன்ஹேலர் அடித்திருப்பார்கள். நீராவிக் காலத்தில் கொதிகலனோடு வேலை செய்தவர்கள் இன்று எண்பதை நெருங்கியோ தாண்டியோ இருப்பார்கள். இதை வாசிக்கும் நீங்கள் அவர்களின் பிள்ளைகளாக, பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். தயவுசெய்து கேட்டு வையுங்கள்.

நம் கதை பட்டறையோடு முடியவில்லை. நம் கூரை சீற்றில் இருக்கும் வெள்ளை அஸ்பெஸ்டஸை பிரித்தானியா 1999 இல் தடை செய்தது. நம் நாட்டில் இறக்குமதியைக் கட்டுப்படுத்த முடிவெடுத்தார்கள். 2017 டிசம்பரில் ஒரு வண்டைக் காரணம் காட்டி ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸை விற்கும் நாடும் அதுதான். உடனே அந்தக் கட்டுப்பாடு தள்ளிப்போடப்பட்டது. அதனால் நம் வீடுகளில் பாதுகாப்பு இப்போதைக்கு நம் கையில்தான்.

உடையாத சீற்றுக்குக் கீழே தூங்குவதால் பதறத் தேவையில்லை. மேசன் பாஸ் கிரைண்டரால் வெட்டும்போதுதான் ஆபத்து. கிரைண்டர் வேண்டாம் என்று சொல்லுங்கள். சீற்றை நன்றாக நனைத்து, கைவாளால் அறுக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளை அப்பால் அனுப்புங்கள். விழுந்த தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத் துணியால் துடையுங்கள். துணி மாஸ்க்கும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் இந்த நாரைத் தடுக்காது. பாசி போக அழுத்தத் தண்ணீர் அடிப்பதும், உடைந்த துண்டுகளைப் போட்டு ஒழுங்கையை நிரப்புவதும் கூடவே கூடாது.

இந்தத் தூசியில் வேலை செய்தவர் புகைத்தால், நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு ஏறும். எந்த வயதிலும் நிறுத்தலாம், நிறுத்தினால் பலன் உண்டு.

டொக்டரிடம் வரும்போது பழைய எக்ஸ்ரேக்களை எறியாமல் கொண்டு வாருங்கள். எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை, எங்கே, என்ன வேலை, தூசி எவ்வளவு, அப்பாவின் வேலை உடுப்பை யார் துவைத்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி, அதையும் சேர்த்துக் கொடுங்கள்.