கறுத்த ஆயில் கெட்ட ஆயிலா?

வேலூரில் ஒரு பட்டறையில் நின்றிருந்தேன். லாரி உரிமையாளர் ஒருவர் என்ஜின் ஆயிலின் அளவு பார்க்கும் கம்பியான டிப் ஸ்டிக்கை உருவி மெக்கானிக்கிடம் நீட்டினார். "ஆயில் மாற்றிப் பத்து நாள்கூட ஆகவில்லை அண்ணே, அதற்குள் தார் மாதிரி இருக்கிறது. கலப்பட ஆயிலைத் தலையில் கட்டிவிட்டார்களா?" மெக்கானிக் ஒரு சொட்டை விரல்களுக்கிடையே தேய்த்துப் பார்த்துவிட்டு, "அது அதன் வேலையைச் செய்கிறது" என்றார். உரிமையாளரின் முகம் தெளியவில்லை.

பாட்டிமார் வீட்டிலேயே கண் மை செய்த விதம் பலருக்கு நினைவிருக்கும். விளக்கெண்ணெய் அகலை ஏற்றி, சுடருக்கு மேல் ஒரு தட்டைக் கவிழ்ப்பார்கள். படிந்த கரியை வழித்துக் குழைப்பார்கள். அந்தச் சுடரின் மஞ்சள் நிறமே பழுக்கக் காய்ந்த கரித்துகள்கள் தரும் ஒளிதான். சுடரின் ஓரத்தில் காற்று கிடைத்தால் அவை எரிந்து மறையும். தட்டு குறுக்கே வந்தால் குளிர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

டீசல் என்ஜினுக்குள்ளும் இப்படித்தான் கரி பிறக்கிறது. பிஸ்டன் காற்றை ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காக அழுத்தும்போது அதன் வெப்பம் 500 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். எரிந்து முடிய அதற்குக் கிடைப்பது சில மில்லிசெகண்டுகள்தான். சாரலின் நடுப்பகுதிக்குள் காற்று புகுவதற்கு முன்பே சூடு புகுந்துவிடுகிறது. ஆக்சிஜன் இல்லாத சூட்டில் டீசல் எரியாமல் சிதைகிறது. ஹைட்ரஜன் பிரிந்து போக, கார்பன் வளையங்கள் ஒன்றோடொன்று கோத்துத் துகளாகின்றன. ஒரு துகள் 20 முதல் 50 நானோமீட்டர், அதாவது தலைமுடியின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பிறகு இவை திராட்சைக் குலைபோல ஒட்டிக்கொள்கின்றன.

பெரும்பகுதி சிலிண்டருக்குள்ளேயே எரிந்துவிடும். மிஞ்சுவதில் ஒரு பங்கு சைலன்சர் வழியே வெளியேறுகிறது. இன்னொரு பங்கு சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தில் ஒட்டியும், பிஸ்டன் ரிங் இடுக்கில் கசியும் வாயுவோடு சேர்ந்தும் கீழே உள்ள ஆயிலுக்குள் இறங்குகிறது. ஆயில் ஃபில்டர் இதைப் பிடிக்காது, துகள் அவ்வளவு சிறியது. பெட்ரோல் பைக்கில் காற்றும் எரிபொருளும் முன்பே கலந்துவிடுவதால் கரி குறைவு. அங்கே ஆயில் பெரும்பாலும் சூட்டால் மெல்லப் பழுப்பேறும்.

இப்போது மெக்கானிக்கின் பதிலுக்கு வருகிறேன். நல்ல என்ஜின் ஆயிலில் துகள்களைப் பிரித்துவைக்கும் வேதிப்பொருள் கலந்திருக்கிறது. சோப்பு அழுக்கைப் பிடிப்பதுபோல, அதன் ஒரு முனை கரியைப் பற்றும், மறு முனை எண்ணெயில் மிதக்கும். கரி ஒன்று சேராமல், எங்கும் படியாமல் ஆயிலோடு சுற்றிவருகிறது. அதனால்தான் அந்தக் கறுப்பு. அழுக்கான டீசல் என்ஜினில் ஆயில் நெடுநாள் பளிச்சென்று இருந்தால்தான் நான் கவலைப்படுவேன். கரி உள்ளே எங்கோ படிந்துகொண்டிருக்கலாம்.

காட்பாடி ரயில்வே மேம்பாலத்தில் பாரம் ஏற்றிய பழைய லாரி ஏறும்போது கரும்புகை வருவதும் காற்றுப் பற்றாக்குறையால்தான். டீசல் கூடுகிறது, அதற்கு ஈடான காற்று இல்லை. தூசி அடைத்த ஏர் ஃபில்டரும் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் தேய்ந்திருப்பதும் இதை இன்னும் மோசமாக்கும். நீலப் புகை வந்தால் ஆயிலே எரிகிறது என்று பொருள். அந்தப் பாலத்தில் பின்னால் குழந்தையோடு ஸ்கூட்டரில் வருபவரை நினைத்தால் எனக்கு மனம் பதறுகிறது: டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் வகைப்படுத்தியது. 2020 ஏப்ரலில் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பிஎஸ்-6 விதி வந்த பிறகு புதிய டீசல் வண்டிகளில் கரி வடிகட்டி பொருத்தப்படுகிறது. சேர்ந்த கரியை அது சுமார் 600 டிகிரியில் எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓடும் வண்டிக்கு அந்தச் சூடு கிடைக்காது, வடிகட்டி அடைத்துக்கொள்ளும்.

ஆயிலின் நிலையை நிறத்தில் அல்ல, பரவலில் பார்க்கலாம். மெக்கானிக் வடிதாளில் ஒரு சொட்டு விட்டு, தேநீர் வரும்வரை காத்திருந்தார். நடுவில் கெட்டியான கறுப்பு வட்டமாக நின்றுவிட்டால் கரியைப் பிரித்துவைக்கும் சக்தி தீர்ந்துவிட்டது, மாற்றியாக வேண்டும். இந்தச் சொட்டு சாம்பல் நிறத்தில் மெல்ல மங்கி, தாளின் ஓரம்வரை பரவியிருந்தது. உரிமையாளர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.