கோமோபோலி: கிராமமா, நகரமா?

கிரேக்க நாட்டின் வடக்கே, கோசானி நகரத்தை ஒட்டி க்ரோகோஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. க்ரோகோஸ் என்றால் குங்குமப்பூ. விளைகிற பயிரின் பேரே ஊருக்கும் பேர். இந்த மாதிரி விவசாய ஊர்களைக் கிரேக்கர்கள் 'கோமோபோலி' என்பார்கள். அகராதியைப் புரட்டினால் ஒன்றில் 'பெரிய கிராமம்' என்றிருக்கும், இன்னொன்றில் 'சிறு நகரம்' என்றிருக்கும். நான் ஒரு கட்டுரையைத் தமிழாக்கும்போது முதலில் 'சிறுநகரம்' என்று எழுதிவிட்டு, இரண்டு பத்தி தள்ளி டிராக்டரும் கூட்டுறவுச் சங்கமும் வந்ததும் அடித்துவிட்டேன்.

சொல்லைப் பிரித்தால் கோமே + போலிஸ். போலிஸ் என்பது நகரம், அதிலும் தன்னைத் தானே ஆண்டுகொள்கிற நகரம். நம் வாயில் புழங்கும் 'போலீஸ்' கூட இந்த வேரிலிருந்து லத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று சுற்றிக்கொண்டு வந்ததுதான். கோமே என்பது கிராமம். சரி, கிராமம் என்றதும் சின்னது, ஏழ்மையானது என்று நினைத்துவிட வேண்டாம். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய வரலாற்றாசிரியர் துசிடிடீஸ், ஸ்பார்ட்டா ஒரே நகரமாகக் கூடிக் கட்டப்படாமல் பழைய கிரேக்க வழக்கப்படி கோமேக்களாகவே இருந்தது என்கிறார். ஏதென்ஸை நடுங்க வைத்த ஊர், கட்டடக் கணக்கில் பார்த்தால் சில கிராமங்களின் கூட்டம்!

எனக்கு இதைவிடப் பிடித்தது கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கிரேக்கம் முழுக்கச் சுற்றிய பௌசானியஸ், பனோபியஸ் என்ற ஊருக்குப் போய்ச் சலித்துக்கொள்வது. இதையும் நகரம் என்று சொல்லலாமா என்று கேட்கிறார். அரசு அலுவலகம் இல்லை, உடற்பயிற்சிக் கூடம் இல்லை, நாடக அரங்கு இல்லை, சந்தைத் திடல் இல்லை, ஊற்றுத்தொட்டிக்கு இறங்கி வரும் தண்ணீர்கூட இல்லை, மலைக்குடிசை மாதிரியான வீடுகளில் பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வரிசையாக அடுக்குகிறார். ஆனால் அடுத்த மூச்சிலேயே, இவர்களுக்குப் பக்கத்து ஊர்களோடு எல்லை இருக்கிறது, போக்கிஸ் நாட்டுப் பேரவைக்கு ஆள் அனுப்புகிறார்கள் என்றும் ஒப்புக்கொள்கிறார். ஆக, ஊரைத் தீர்மானிப்பது கட்டடமா, சபையில் இருக்கும் இடமா என்ற சண்டை அப்போதே உண்டு.

கோமே, போலிஸ் இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஊருக்குத்தான் இரண்டு சொல்லையும் ஒட்டவைத்தார்கள். புவியியலாளர் ஸ்திராபோ சின்ன ஆசியாவின் (இன்றைய துருக்கி) ஓர் ஊரைக் கோமோபோலிஸ் என்கிறார். புதிய ஏற்பாட்டில் இந்தச் சொல் ஒரே ஓர் இடத்தில், மாற்கு 1:38-இல் வருகிறது. அங்கே நம் பழைய தமிழ் விவிலியம் ரொம்ப யோசிக்காமல் 'அடுத்த ஊர்களிலும்' என்று போட்டிருக்கிறது. நல்ல கை.

கோமே நம் பக்கமும் வந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், சேரரின் தொண்டியை முதலில் வணிகத்துறைகளில் ஒன்றாக எண்ணிவிட்டு, கொஞ்சம் தள்ளி 'கடலோரக் கோமே' என்கிறது. கப்பல் வந்து போகிற துறையையும் கோமே என்று சொல்லலாம் போல. (இன்னொரு சுவையான கதை: 'காமெடி' என்ற சொல்லே கோமேயிலிருந்து வந்தது, நகரத்தில் மதிப்பில்லாமல் கிராமம் கிராமமாகத் திரிந்த கூத்தாடிகளின் கலை அது என்று டோரியர்கள் என்ற கிரேக்க இனத்தார் உரிமை கொண்டாடியதை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது 'கோமோஸ்', அதாவது குடித்துக் கூத்தாடிப் போகும் ஊர்வலம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் இன்று பொதுவாக ஏற்கப்படும் கருத்து.)

இன்றைய வழக்குக்கு வருவோம். கிரேக்க மக்கள்தொகைக் கணக்கில் நெடுங்காலமாக 2,000 பேருக்குக் கீழே இருந்தால் கிராமப்புறம், 10,000-க்கு மேலே போனால் நகர்ப்புறம், நடுவில் இருப்பது 'அரைநகர்'. கோமோபோலி என்று மக்கள் சொல்வது பெரும்பாலும் இந்த நடு வரிசையைத்தான். 1912-இல் வந்த சட்டம், 300 பேரும் ஒரு தொடக்கப்பள்ளியும் இருந்தால் போதும், அந்த ஊர் தனி உள்ளாட்சி ஆகலாம் என்றது. அப்படி முளைத்தவை கடைசியில் ஏறத்தாழ 5,800-க்கு வந்து நின்றன. 1997-இல் அவற்றை ஆயிரத்துச் சொச்சமாகவும், 2010-இல் 325 ஆகவும் இணைத்துவிட்டார்கள். க்ரோகோஸும் இப்போது கோசானி நகராட்சிக்குள் அடக்கம். காகிதத்தில் கரைந்துபோன ஊர்.

ஆனால் அக்டோபர் பிற்பாதியில் அங்கே போனால் கரைந்த ஊராகத் தெரியாது. ஊதா நிறப் பூ மண்ணை ஒட்டித் தாழ்வாகத்தான் பூக்கும், பூத்த கையோடு பறித்தாக வேண்டும், எனவே குடும்பமே வயலில் முதுகு வளைந்து நிற்கும். ஒரு பூவுக்கு மூன்றே மூன்று சிவப்பு நார், அதுதான் நாம் வாங்குகிற குங்குமப்பூ. ஒரு கிலோவுக்கு ஒன்றரை லட்சம் பூ வேண்டும். பறித்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, காற்றில் இதழைப் பிரித்து, உலர்த்தி, பிறகு மேசையைச் சுற்றி உட்கார்ந்து வேண்டாத மஞ்சள் நாரைக் கையால் பொறுக்கி நீக்குகிறார்கள். நம்ம ஊரில் புளி கொட்டை எடுக்கிற மாதிரிதான், கையும் ஓடும், ஊர்க்கதையும் ஓடும். 1971-இல் தொடங்கிய கூட்டுறவுச் சங்கம்தான் விளைச்சலை வாங்கி விற்கிறது. 1999-இலிருந்து 'கோசானி க்ரோகோஸ்' என்ற பேருக்கு ஐரோப்பியப் பாதுகாப்பும் உண்டு.

அப்புறம், தமிழில் என்ன சொல்வது? 'நகரக் கிராமம்' என்று பிரித்து ஒட்டினால் அரசுத் திட்டத்தின் பெயர் மாதிரி இருக்கிறது. என் தேர்வு 'பேரூர்'. சங்கப் பாட்டிலேயே சீறூர், பேரூர், மூதூர் என்று அளவும் வயதும் பார்த்து ஊரைப் பிரித்திருக்கிறார்கள். பேரூராட்சி என்ற சொல்லோ இன்றும் வரி ரசீதில் இருக்கிறது. வயலும் இருக்கும், கடைத்தெருவும் இருக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது என்ற பொருள் அதில் தானாகவே வந்துவிடுகிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. ஏதென்ஸில் குடியேறிய க்ரோகோஸ்காரர் ஈஸ்டருக்கும் ஆகஸ்ட் 15 மாதா திருநாளுக்கும் கிளம்பும்போது 'கோமோபோலிக்குப் போகிறேன்' என்று சொல்ல மாட்டார். 'ஹொரியோ'வுக்குப் போகிறேன் என்பார். ஹொரியோ என்பதும் கிராமம்தான், ஆனால் அந்த இடத்தில் பேரூர், கிராமம் எதுவும் எழுதாதீர்கள். 'ஊருக்குப் போறேன்'.